டச்பேடில் டேப் மூடத் திணறுகிறீர்களா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

திருப்பூரில் ஏதாவது ஒரு பனியன் கம்பெனி அலுவலகத்துக்குள் போய் ஆர்டர்களைக் கவனித்துக்கொள்ளும் மெர்ச்சன்டைசரின் மேசையைப் பாருங்கள். நடுவில் லேப்டாப். இருபுறமும் துணி மாதிரிகள், சாய நிறம் ஒப்பிடும் லேப் டிப் அட்டைகள், அளவு நாடா, கூரியர் கவர்கள். மவுஸ் உருட்ட உள்ளங்கை அகலத்துக்குக்கூட இடமிருக்காது. பிரவுசரிலோ பையரின் (துணி வாங்கும் நிறுவனத்தின்) தளம், கூரியர் எங்கே வருகிறது என்று காட்டும் பக்கம், வங்கி, ஜிஎஸ்டி, இ-வே பில், மூன்று நான்கு மின்னஞ்சல்கள் என்று, திறந்த பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒன்றாக மேல் வரிசையில் டேப்புகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். ஈரோட்டு மஞ்சள் மண்டிக் கணக்கரிடமும், நாமக்கல் லாரி புக்கிங் அலுவலகத்திலும், பொள்ளாச்சி இ-சேவை மையத்திலும் இதே நிலைதான்.

டேப்பைத் திறப்பதில் யாருக்கும் சிரமமில்லை. மூடப்போகும்போதுதான் வேறு டேப் மூடிக்கொள்கிறது, தனி ஜன்னலாகப் பிய்ந்துகொண்டு வருகிறது, பாதி நிரப்பிய படிவம் போய்விடுகிறது. இத்தகைய அலுவலகங்களின் கணினிகளைப் பராமரிப்பதுதான் என் வேலை. அங்கே அடிக்கடி காதில் விழும் புகார்களை அறிகுறிவாரியாகப் பிரித்து இங்கே எழுதியிருக்கிறேன். உங்களுக்குப் பொருந்துகிற அறிகுறிக்கு நேராகப் போய்விடலாம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டேப்பின் ஓரத்தில் இருக்கும் சின்ன இன்டு (×) குறியைக் குறிவைப்பதை விட்டுவிடுங்கள். அது மவுஸ் பிடித்த கைக்கு ஏற்ற அளவு. டச்பேடில் வேலை செய்பவருக்கு முழு டேப்பும் மூடும் பொத்தானாக இருக்க வேண்டும். தவறாக மூடினால் நொடியில் திரும்ப வர வேண்டும். இந்த இரண்டுக்கும் வழி ஏற்கெனவே உங்கள் கணினியிலேயே இருக்கிறது.

எதையும் தொடுவதற்கு முன்: போனதைத் திரும்பக் கொண்டுவருதல்

தவறான டேப் மூடிவிட்டால் வேறு எதையும் தட்டாமல் கன்ட்ரோல், ஷிஃப்ட், டி ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கடைசியாக மூடிய டேப் பழைய இடத்திலேயே வந்து நிற்கும். மறுபடி அழுத்தினால் அதற்கு முன் மூடியது வரும். முழு ஜன்னலே மூடியிருந்தால் ஜன்னல் மொத்தமும் வரும். குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் மூன்றிலும் இதே சேர்க்கைதான். மேக்கில் கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட் கீ.

இதற்கு எல்லைகள் உண்டு. வங்கித் தளத்தில் மறுபடி லாகின் கேட்கும். பாதி நிரப்பிய படிவம் அப்படியே வரும் என்று நம்பியிருக்க முடியாது. குரோமின் மறைநிலை ஜன்னலில் மூடிய டேப் திரும்பவே வராது. ஆனாலும் புதிதாக வேலைக்குச் சேருகிற பிள்ளைகளுக்கு முதல் நாள் இந்த ஒன்றைச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் மற்றதைத் தொடங்குவேன். மூடியது திரும்ப வரும் என்று தெரிந்தால் விரலில் பதற்றம் குறைகிறது. பதற்றம் குறைந்தாலே பாதித் தவறுகள் நடப்பதில்லை.

அறிகுறி: கர்சரைச் சரியாக இன்டு குறியில் வைத்துத்தான் அழுத்துகிறேன், ஆனால் டேப் மூடாமல் திறக்கிறது, அல்லது பக்கத்து டேப்புக்குத் தாவுகிறது

மிக அதிகமாக வரும் புகார் இதுதான். அழுத்துகிறவர் தன் கையைத்தான் குறை சொல்லிக்கொள்வார். கையில் குறையில்லை.

ஒரு சோதனை செய்து பாருங்கள். கர்சரை இன்டு குறியின் மேல் கொண்டுபோய் நிறுத்துங்கள். குறியைச் சுற்றி மங்கலான வட்டமோ கட்டமோ தெரியும். கர்சர் சரியான இடத்தில் இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். இப்போது டச்பேடை மிக மெதுவாக அழுத்துங்கள், கண்ணை வட்டத்திலிருந்து எடுக்காதீர்கள். 'டிக்' என்ற சத்தம் வருவதற்குச் சற்று முன்பே வட்டம் மறைவதைப் பலர் பார்ப்பீர்கள். விரல் நுனி அழுந்தும்போது பட்டையாகிறது. டச்பேட், விரல் தொடும் பரப்பின் நடுப்புள்ளியைத்தான் கர்சராகக் கணக்கிடுகிறது. பரப்பு விரிந்தால் நடுப்புள்ளி நகரும், அதோடு கர்சரும் நகரும். பெரிய பொத்தானாக இருந்தால் இந்த நகர்வு பொருட்டில்லை. இன்டு குறி அளவுக்கு அது போதும், குறி தப்பிவிடும்.

இன்னொரு காரணம் டச்பேடின் உடலமைப்பில் இருக்கிறது. பெரும்பாலான லேப்டாப்புகளில் டச்பேட் பலகை மேல்புறத்தில் கீல் போலப் பொருத்தப்பட்டு, கீழ்ப்புறம் மட்டும் நன்றாக அழுந்தும். கர்சரைத் திரையின் உச்சிக்குக் கொண்டுபோன விரல் பெரும்பாலும் பலகையின் மேல்பகுதியில்தான் நிற்கும். அங்கே அழுத்த அதிக பலம் தேவை. பலம் கூடினால் நகர்வும் கூடும். 2015க்குப் பின் வந்த மேக்புக்குகள் பலவற்றில் பலகை எந்த இடத்திலும் ஒரே மாதிரி அழுந்துவதால் அங்கே இந்தப் புகார் குறைவு.

பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் 1954இல் ஒரு விதியை வெளியிட்டார். ஓர் இலக்கைத் தொட ஆகும் நேரம், அதன் தொலைவு கூடக் கூட அதிகரிக்கும், அகலம் கூடக் கூடக் குறையும் என்பது அதன் சாரம். டேப்பின் இன்டு குறி இரண்டு விதத்திலும் நமக்கு எதிராக இருக்கிறது. நாம் வேலை செய்வது பக்கத்தின் நடுவில், குறி இருப்பதோ உச்சியில். அகலமும் ஊசிக் காதளவுதான்.

செய்ய வேண்டியவற்றை எளிதானதிலிருந்து சொல்கிறேன்.

மூட வேண்டிய டேப் உங்கள் கண்முன் திறந்திருந்தால் கர்சரை மேலே கொண்டுபோகவே வேண்டாம். கன்ட்ரோலும் டபிள்யூவும் சேர்த்து அழுத்துங்கள். இரண்டு கீயும் இடது கைக்கு எட்டும் இடத்தில் இருக்கின்றன, வலது கை டச்பேடிலேயே இருக்கலாம். கன்ட்ரோலும் எஃப்4ம் இதே வேலையைச் செய்யும் என்றாலும், பல லேப்டாப்புகளில் எஃப்4 கீ ஒலியையோ வெளிச்சத்தையோ மாற்றும் கீயாக இருப்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை.

அழுத்துவதை விட்டு மெல்லத் தட்டப் பழகுங்கள். விரல் பட்டு உடனே எழுவதால் கர்சர் நகர நேரமில்லை. விண்டோஸில் டச்பேட் அமைப்புப் பக்கத்தில் ஒரு விரல் தட்டலை கிளிக்காக எடுத்துக்கொள்ளும் வரியில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். மேக்கில் 'டேப் டு கிளிக்' (இங்கே டேப் என்றால் தட்டல்) என்ற பெயரில் இருக்கும் அதே வசதி முதலில் அணைத்தே வருகிறது, நீங்கள்தான் இயக்க வேண்டும்.

மூன்றாவது வழிதான் என் தேர்வு. அது மூன்று விரல் தட்டல்.

அறிகுறி: மூன்று விரலால் தட்டினால் டேப் மூடாமல் தேடல் பெட்டி வருகிறது

மவுஸின் நடுப்பொத்தானால் ஒரு டேப்பின் மேல் எங்கே கிளிக் செய்தாலும் அந்த டேப் மூடிவிடும். குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் எல்லாவற்றிலும் பல ஆண்டுகளாக உள்ள வசதி இது. இன்டு குறியைத் தேட வேண்டாம், அந்த டேப்புக்கு மாறக்கூட வேண்டாம். டச்பேடில் நடுப்பொத்தான் இல்லாததால் நம்மில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் போய்விட்டது.

விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ் திறந்து, புளூடூத் அண்ட் டிவைசஸ், அதற்குள் டச்பேட், அதற்குள் மூன்று விரல் சைகைகள் என்ற பகுதிக்குப் போங்கள். தட்டலுக்கான பட்டியலில் தேடல் என்று இருப்பதை மாற்றி 'மிடில் மவுஸ் பட்டன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 10இல் செட்டிங்ஸ், டிவைசஸ், டச்பேட் என்று போனால் அதே பட்டியல் கிடைக்கும். கணினியை அணைத்துப் போட வேண்டியதில்லை.

இப்போது பெரிதாக்கிய ஜன்னலில் கர்சரை விசையாக மேலே தள்ளுங்கள். விண்டோஸில் டேப் வரிசை திரையின் மேல் விளிம்பை ஒட்டியே இருப்பதால் எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் கர்சர் அங்கே நின்றுவிடும். தாண்டிப் போக வழியில்லை. பக்கவாட்டில் மட்டும் சரியான டேப்புக்கு வந்து மூன்று விரலால் தட்டுங்கள். ஃபிட்ஸ் சொன்ன இரண்டு தடைகளும் இங்கே பெரிதும் தளர்ந்துவிடுகின்றன.

பல்லடம் பக்கம் ஒரு நூல் கடையில் கணக்கு எழுதும் அக்கா ஒருவருக்கு இதை அமைத்துக் கொடுத்தேன். "ஏனுங்க தம்பி, மூன்று விரலும் ஒரே நேரத்தில் படாவிட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இரண்டு விரல் மட்டும் பட்டால் அது வலது கிளிக், பட்டியல் ஒன்று திறக்கும். அந்தப் பட்டியலிலும் 'குளோஸ்' இருக்கிறது, அதையே தட்டிவிடலாம். ஒரு விரல் மட்டும் பட்டால் அந்த டேப்புக்கு மாறும், உடனே கன்ட்ரோல் டபிள்யூ. எப்படித் தவறினாலும் கெடுதல் இல்லாத இடத்தில்தான் போய் நிற்கும். அவருக்கு இன்னொரு நுணுக்கமும் உதவியது. சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் நீட்டி வைத்தால் நடுவிரல் முந்திக்கொண்டு படும். நடுவிரலைச் சற்று மடக்கி மூன்று நுனிகளையும் ஒரே கோட்டில் கொண்டுவந்தால் தட்டல் பிசகுவதில்லை.

மற்ற கணினிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளில் தட்டல் வசதி இயங்கினால் மூன்று விரல் தட்டல் பொதுவாக முதலிலிருந்தே நடுக்கிளிக்தான். குரோம்புக்கில் டேப்பின் மேல் மூன்று விரலால் தட்டினால் மூடும், எதையும் மாற்ற வேண்டாம். மேக்கில் நடுக்கிளிக்குக்கு உள்ளமைந்த வசதி இல்லை. கூடுதல் செயலி நிறுவ வேண்டும், அல்லது கமாண்ட் டபிள்யூவோடு நின்றுகொள்ள வேண்டும்.

அமைப்புப் பக்கத்தில் மூன்று விரல் பகுதியே காணவில்லையென்றால் உங்கள் டச்பேட் பழைய வகை. விண்டோஸ் அதை நேரடியாகக் கையாளாமல் தயாரிப்பாளரின் டிரைவர் மென்பொருளிடம் விட்டிருக்கிறது. அந்த டிரைவரின் கட்டுப்பாட்டுப் பலகையில் இதே வசதி வேறு பெயரில் இருக்கக்கூடும். அங்கேயும் இல்லையென்றால் கன்ட்ரோல் டபிள்யூதான் உங்கள் வழி.

இந்த மாற்றத்துக்குப் பின் புதிதாக இரண்டு விஷயங்கள் நடக்கும், பயப்பட வேண்டாம். விண்டோஸில் பக்கத்தின் வெற்றிடத்தில் மூன்று விரல் பட்டால் அம்புக்குறிகளோடு ஒரு வட்டம் தோன்றி, விரலை நகர்த்தினால் பக்கம் தானாக ஓடும். இன்னொரு தட்டு தட்டினால் நின்றுவிடும். லினக்ஸில் எழுதும் பெட்டிக்குள் மூன்று விரல் பட்டால், கடைசியாகத் தேர்வு செய்திருந்த எழுத்து அங்கே ஒட்டப்படும். இன்வாய்ஸ் அடிக்கும்போது இது தொல்லை. எண்கள் நிரப்பும் வேலை அதிகம் உள்ளவர்கள் இதைக் கவனத்தில் வைத்திருங்கள்.

அறிகுறி: மூடப் போனால் டேப் தனி ஜன்னலாகப் பிய்ந்துகொண்டு வருகிறது

அழுத்திய விரல் எழுவதற்குள் நகர்ந்துவிட்டது. பிரவுசர் அதை இழுத்தல் என்று புரிந்துகொண்டது. பிய்ந்து வந்த டேப்பை மூடிவிட்டு வருந்த வேண்டாம், அதில் உள்ள பக்கம் அப்படியே இருக்கும். அதைப் பிடித்துப் பழைய டேப் வரிசைக்கு இழுத்துக்கொண்டு போனால் ஒட்டிக்கொள்ளும்.

அடிக்கடி நேர்ந்தால் டச்பேட் அமைப்பில் 'இருமுறை தட்டி இழுத்தல்' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும், அதன் டிக்கை எடுத்துவிடுங்கள். அவசரமாக இரண்டு முறை தட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கு, இரண்டாவது தட்டில் விரல் கொஞ்சம் தங்கினாலும் இழுப்பதாகவே கணினி எடுத்துக்கொள்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் டேப் பிரிவதையே தடுக்கும் வசதியும் உண்டு. முகவரிப் பெட்டியில் அபவுட், முக்காற்புள்ளி, கான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் அடித்து உள்ளே போய், 'அலவ் டேப் டிட்டாச்' என்ற சொற்களைச் சேர்த்து அடித்துத் தேடுங்கள். வரும் வரியை 'ஃபால்ஸ்' ஆக்கினால் டேப் வரிசையை விட்டு வெளியேறாது.

அதே பக்கத்தில் 'குளோஸ் டேப் பை' என்பதைச் சேர்த்து அடித்தால் இரட்டைக் கிளிக்கில் டேப்பை மூடும் வரி வரும். அதை 'ட்ரூ' ஆக்குங்கள். மூன்று விரல் தட்டல் கைக்கு வராதவர்களுக்கு இது நல்ல மாற்று. முழு டேப்பும் இலக்கு, ஒரே விரல் போதும். விவால்டி பிரவுசரிலும் டேப் அமைப்பில் இரட்டைக் கிளிக் வசதி இருக்கிறது.

அறிகுறி: இன்டு குறியே காணோம்

டேப்புகள் கூடும்போது ஒவ்வொன்றின் அகலமும் குறைகிறது. ஓர் அளவுக்குக் கீழே போனதும், திறந்திருக்கும் டேப்பைத் தவிர மற்றவற்றில் பிரவுசர் இன்டு குறியை மறைத்துவிடுகிறது. ஃபயர்ஃபாக்ஸில் அந்த எல்லை 140 பிக்சல். ஃபயர்ஃபாக்ஸில் ஒவ்வொரு டேப்பிலும் இன்டு குறி வந்ததே 2006இல், அதன் 2ஆம் பதிப்பில்தான். அதற்கு முன் அதில் வரிசையின் வலது ஓரத்தில் ஒரே ஒரு குறி மட்டும் இருந்தது. அந்த ஒற்றைக் குறி எப்போதும் ஒரே இடத்தில் நின்றதை நினைத்தால், டச்பேடுக்கு அதுவே பொருத்தமாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது.

வலது கிளிக் பட்டியலில் 'பின்' கொடுத்து வரிசையின் தொடக்கத்தில் நிலையாக நிறுத்திய டேப்பிலும் இன்டு குறி இருக்காது, அது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. மண்டி விலைப் பக்கம், மின்னஞ்சல் என்று நாள் முழுக்கத் திறந்திருக்க வேண்டியவற்றைப் பின் செய்துவிட்டால் கைதவறி இன்டு குறியைத் தட்டிவிடும் ஆபத்தே இல்லை.

குறி வேண்டும் என்பவர்கள் டேப்புகளைச் செங்குத்தாக அடுக்கலாம். எட்ஜில் 2021இலும், ஃபயர்ஃபாக்ஸின் 136ஆம் பதிப்பில் 2025 மார்ச்சிலும் இந்த வசதி வந்தது. இடப்பக்கம் பட்டியலாக நிற்கும் டேப்புகள் எத்தனை சேர்ந்தாலும் சுருங்குவதில்லை, பெயர் முழுதாகத் தெரிகிறது, இரண்டு விரலால் உருட்டி மேலும் கீழும் போகலாம். அகலத் திரை லேப்டாப்பில் பக்கவாட்டில் இடம் சும்மாதான் கிடக்கிறது.

அறிகுறி: அந்த டேப்புக்கு மாறத்தான் தட்டினேன், அது மூடிவிட்டது

குரோமில் டேப்புகள் மிகவும் குறுகியதும், திறந்திருக்கும் டேப்பில் தளத்தின் சின்னம் மறைந்து அந்த இடத்தில் இன்டு குறி வந்து உட்கார்ந்துகொள்கிறது. முதல் தட்டில் அந்த டேப் திறக்கிறது. திறந்ததா என்ற சந்தேகத்தில் அதே இடத்தில் இன்னொரு தட்டு தட்டினால் மூடிவிடுகிறது. பக்கம் மெதுவாக வரும் இணைப்பில் இது கட்டாயம் நடக்கும். கன்ட்ரோல் ஷிஃப்ட் டி அடித்து மீட்டுக்கொண்டு, மாறுவதற்குத் தட்டலை விட்டு கன்ட்ரோலும் டேப் கீயும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். முதல் எட்டு டேப்புகளுக்கு கன்ட்ரோலோடு 1 முதல் 8 வரையிலான எண், கடைசி டேப்புக்கு 9.

விரலை வைத்துவிட்ட பின் தவறு தெரிந்தால் ஒரு வாய்ப்பு உண்டு. டச்பேடை அழுத்திப் பிடித்திருக்கும்வரை டேப் மூடாது, விடும்போதுதான் மூடும். பிடித்தபடியே விரலைக் குறியிலிருந்து விலக்கிவிட்டு எழுப்பினால் டேப் தப்பித்துவிடும்.

அறிகுறி: ஒன்றை மூடப் போய் எல்லாமே மூடிவிட்டது

எந்தக் கீயை அழுத்தினீர்கள் என்று பாருங்கள். ஆல்ட்டும் எஃப்4ம் முழு ஜன்னலை மூடும். கன்ட்ரோல் டபிள்யூவோடு ஷிஃப்ட் சேர்ந்துவிட்டாலும் அப்படித்தான். மேக்கில் கமாண்டோடு டபிள்யூவுக்குப் பக்கத்தில் இருக்கும் கியூ பட்டால் பிரவுசரே வெளியேறிவிடும். லினக்ஸ் ஃபயர்ஃபாக்ஸில் கன்ட்ரோல் கியூவும் அதே. மேக் குரோமின் மெனுவில் வெளியேறும் முன் எச்சரிக்கும் வரியை இயக்கிவிடுங்கள். ஃபயர்ஃபாக்ஸிலும் எட்ஜிலும் பல டேப்புகள் உள்ள ஜன்னலை மூடும்போது கேட்கும் வசதி அமைப்பில் இருக்கிறது. எல்லாப் பிரவுசரிலும், திறக்கும்போது விட்ட இடத்திலிருந்து தொடரும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: எத்தனை முறை மூடினாலும் டேப் மூடவில்லை

'இந்தத் தளத்தை விட்டுப் போகிறீர்களா' என்று ஒரு சிறு பெட்டி எங்கோ காத்திருக்கிறது. நிரப்பிய படிவத்தைச் சேமிக்காமல் மூடும்போது சில தளங்கள் இப்படிக் கேட்கும். மாதந்தோறும் 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி கணக்குப் படிவத்தைத் தாக்கல் செய்யும் அவசரத்தில் இந்தப் பெட்டியைப் படிக்காமல் தட்டிவிட வேண்டாம். எஸ்கேப் கீ அழுத்தினால் பக்கத்திலேயே இருப்பீர்கள். என்டர் அழுத்தினால் வெளியேறிவிடுவீர்கள்.

அறிகுறி: சார்ஜர் போட்டால் கர்சர் துள்ளுகிறது, தொடாத டேப்பெல்லாம் மூடுகிறது

பிரவுசரில் தேடாதீர்கள், கோளாறு பிளக்கில் இருக்கலாம். விரல் நெருங்கும்போது ஏற்படும் மிக நுண்ணிய மின் மாற்றத்தை அளந்துதான் டச்பேட் வேலை செய்கிறது. சார்ஜருக்கு எர்த் இல்லையென்றால் அதிலிருந்து வரும் மின் இரைச்சல் அந்த அளவையில் கலந்துவிடுகிறது. சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். துள்ளல் நின்றால் சந்தேகமே வேண்டாம். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அடாப்டர் வைத்துச் செருகியிருப்பார்கள், அல்லது பழைய விசைத்தறிக் கொட்டகையை அலுவலகமாக மாற்றியபோது எர்த் ஒயரை விட்டிருப்பார்கள். எலக்ட்ரீஷியனை அழைத்துச் சரிசெய்துகொள்ளுங்கள். டேப் மட்டுமல்ல, ஆளின் பாதுகாப்பும் இதில் இருக்கிறது.

பேட்டரியிலும் துள்ளினால் கையைப் பாருங்கள். வியர்வையோ ஈரமோ இருந்தால் டச்பேட் விரலின் எல்லையைச் சரியாக உணராது. கட்டிங், பேக்கிங் பகுதிகளில் இருக்கும் லேப்டாப்புகளில் பலகையைச் சுற்றியுள்ள மெல்லிய இடுக்கில் பஞ்சுத் தூசு அடைந்து அழுத்தம் கடினமாகிவிடும். மஞ்சள் மண்டியில் கையிலுள்ள தூளும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து விரல் வழுக்காமல் தடுக்கும். கணினியை அணைத்துவிட்டு, லேசாக ஈரம் தொட்ட மென்துணியால் துடையுங்கள். நேரடியாகத் திரவத்தைத் தெளிக்காதீர்கள். தட்டச்சு செய்யும்போது உள்ளங்கை பட்டுக் கர்சர் ஓடுகிறதென்றால் அமைப்பில் டச்பேட் உணர்திறனை ஒரு படி குறையுங்கள்.

அறிகுறி: மாலைக்குள் டேப்புகள் குவிந்துவிடுகின்றன, ஒவ்வொன்றாக மூட முடியவில்லை

ஒன்றொன்றாக மூட வேண்டாம். வேண்டிய டேப்பில் நின்று இரண்டு விரலால் தட்டி, வரும் பட்டியலில் மற்ற எல்லாவற்றையும் மூடும் வரியையோ, வலப்பக்கம் உள்ளவற்றை மூடும் வரியையோ தேர்ந்தெடுங்கள். குறிப்பிட்ட சிலவற்றை மட்டும் மூடுவதென்றால் கன்ட்ரோலைப் பிடித்தபடி ஒவ்வொரு டேப்பையும் தட்டிக்கொண்டே போய், கடைசியில் கன்ட்ரோல் டபிள்யூ. ஷிஃப்டைப் பிடித்துத் தட்டினால் இடையில் உள்ளவை மொத்தமாகத் தேர்வாகும்.

குரோமிலும் எட்ஜிலும் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஏ சேர்த்து அழுத்தினால் திறந்திருக்கும் டேப்புகள் பட்டியலாக வரும். பையர் பெயரை அடித்தால் அந்த டேப்புகள் மட்டும் மிஞ்சும், அங்கிருந்தே மூடலாம். ஃபயர்ஃபாக்ஸில் இதே கீகள் வேறு பக்கத்தைத் திறக்கும். அங்கே டேப் வரிசையின் ஓரத்தில் உள்ள கீழ்நோக்கிய அம்பைத் தட்டுங்கள்.

அடுத்தடுத்த டேப்புகளை மூடும்போது ஒன்றைக் கவனியுங்கள். நடுவில் உள்ள ஒரு டேப்பை கர்சரால் மூடினால் மற்றவை உடனே அகலமாவதில்லை. கர்சர் டேப் வரிசையில் இருக்கும்வரை அளவு அப்படியே நிற்கிறது. அதனால் அடுத்த டேப் நகர்ந்து வந்து கர்சருக்கு நேர் கீழே நிற்கும். விரலை நகர்த்தாமல் தட்டிக்கொண்டே போகலாம். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் இதை அக்கறையோடு செய்திருக்கின்றன. நகர்த்தாமல் தட்டுவது என்பது டச்பேடுக்குக் கிடைத்த பெரிய உதவி.

விரல்கள் ஒத்துழைக்காதவர்களுக்கு

வயதானவர்கள், தறியிலோ மெஷினிலோ விரலில் காயம்பட்டவர்கள், ஒரு கையால் மட்டுமே வேலை செய்பவர்கள் ஆகியோருக்கு மூன்று விரல் தட்டலும் இரண்டு கீ சேர்க்கையும் பாரம். விண்டோஸில் ஷிஃப்ட் கீயை ஐந்து முறை தொடர்ந்து அழுத்தினால் 'ஸ்டிக்கி கீஸ்' வசதியை இயக்கலாமா என்று கேட்கும். ஒப்புக்கொண்டால், கன்ட்ரோலை அழுத்தி விட்டுவிட்டு, பிறகு சாவகாசமாக டபிள்யூவை அழுத்தலாம். ஒரே விரல் போதும். இதைச் சலுகையாகக் கருதத் தேவையில்லை, யாருக்கு வசதியோ அவர்கள் வைத்துக்கொள்ளலாம்.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு

கோவையில் பனியன் கம்பெனிகளுக்கும் மில்களுக்கும் பிரவுசரில் ஓடும் கணக்கு மென்பொருள் எழுதும் இளைஞர்கள் நிறைய இருக்கிறார்கள். அந்த மென்பொருளுக்குள்ளேயே ஆர்டர், ஸ்டாக், பில் என்று தனி டேப்புகள் வைக்கிறீர்கள். பயன்படுத்துகிறவர் உள்டேப்பை மூடக் கன்ட்ரோல் டபிள்யூ அழுத்துகிறார். சாதாரண டேப்பில் ஓடும் பக்கம் அந்தக் கீயைத் தடுத்து எடுத்துக்கொள்ள முடியாது, அது பிரவுசருக்கு ஒதுக்கப்பட்டது. முழு மென்பொருளும் மூடிவிடுகிறது. ஆகவே உள்டேப்பை மூட வேறு எளிய வழியை நீங்கள்தான் தர வேண்டும்.

உள்டேப்பின் முழுப் பரப்பும் நடுக்கிளிக்கை ஏற்கட்டும். நடுப்பொத்தான் அழுந்தும் நிலையிலேயே பக்கம் தானாக ஓடுவதைத் தடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸில் அம்பு வட்டம் வந்து நிற்கும். மூடும் செயல் பொத்தான் எழும்போது நடக்கட்டும். 2023 அக்டோபரில் வெளியான இணைய அணுகல் வழிகாட்டியின் 2.2 பதிப்பு, தட்டும் இலக்குக்குக் குறைந்தது 24க்கு 24 பிக்சல் என்கிறது. அதற்குக் கீழே போகாதீர்கள், குறி சிறிதாகத் தெரிந்தாலும் தட்டும் பரப்பு பெரிதாக இருக்கலாம். கர்சர் வரிசையை விட்டு வெளியேறும்வரை அகலத்தை மாற்றாதீர்கள்.

'நிச்சயமாக மூடவா' என்று ஒவ்வொரு முறையும் கேட்காதீர்கள். தினமும் கேட்டால் யாரும் படிப்பதில்லை, உண்மையாகவே சேமிக்காத பில் இருக்கும் நாளிலும் படிக்காமல் தட்டிவிடுவார்கள். சேமிக்காதது இருந்தால் மட்டும் கேளுங்கள். மற்ற நேரம் உடனே மூடிவிட்டு, மீட்கும் பொத்தானைச் சில நொடிகள் கீழே காட்டுங்கள். அந்தப் பொத்தானையும் திரையின் மூலையில் பொடியாக வைத்துவிடாதீர்கள்.

வாடிக்கையாளரிடம் கொண்டுபோகும் முன் மவுஸைக் கழற்றிவிட்டு, அலுவலகத்திலேயே விலை குறைந்த லேப்டாப் எதுவோ அதில், இருபது உள்டேப்புகளைத் திறந்து நடுவில் உள்ள ஏழெட்டை மட்டும் மூடிப் பாருங்கள். எங்கே விரல் தயங்குகிறதோ அங்கே இன்னும் வேலை இருக்கிறது.